தோண்டியதை யார் எழுதி வைத்தார்கள்? ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரி ஆவணங்களின் கதை

ஆசன்சோலிலோ ராணிகஞ்சிலோ மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மனைக்கு அடியில் எந்தக் காலத்திலாவது கரி எடுத்திருக்கிறார்களா, எடுத்திருந்தால் எத்தனை அடி ஆழத்தில், மேற்கூரையைத் தாங்கத் தூண்கள் விட்டிருக்கிறார்களா, வெற்றிடத்தை மணலிட்டு நிரப்பினார்களா, இன்று அதில் நீர் நிற்கிறதா என்ற கேள்விகளுக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடை கிடையாது. விடை எங்காவது இருக்குமானால், அது இருநூற்றைம்பது ஆண்டுகளாக வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு நோக்கங்களுக்காக எழுதிவைத்த காகிதங்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பூமிக்கடியில் என்ன மிச்சமிருக்கிறது என்பதைச் சொல்ல உட்கார்ந்து எழுதியவர்கள் அல்லர். குத்தகைப் பணத்துக்காக எழுதினார்கள், ரயில் கட்டணத்துக்காக எழுதினார்கள், வழக்குக்காக எழுதினார்கள், இறந்தவர்களைக் கணக்குக் காட்ட எழுதினார்கள். மேற்கு வங்காளத்தின் ராணிகஞ்ச், ஜார்கண்டின் ஜரியா ஆகிய தாமோதர் ஆற்றங்கரை நிலக்கரி வயல்களின் வரலாற்றைத் தேடுகிறவர், கையில் கிடைக்கும் ஒவ்வொரு தாளிடமும் அது யாருக்காக எழுதப்பட்டது என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுத்தில் கிடைக்கும் தொடக்கம் 1774. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த ஜான் சம்னர், சூட்டோனியஸ் கிராண்ட் ஹீட்லி ஆகிய இருவரும் பீர்பூம், பஞ்சேத் பகுதிகளில் கரி எடுக்க வாரன் ஹேஸ்டிங்ஸின் அரசிடம் அனுமதி பெற்றார்கள். எடுத்த கரி இங்கிலாந்துக் கரிக்கு ஈடாகவில்லை என்று சோதனையில் முடிவானதால் முயற்சி கைவிடப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆவணங்கள் மௌனமாக இருக்கின்றன. இந்த மௌனத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. கம்பெனிக்கு ஆர்வம் இல்லாதபோது கம்பெனியின் கடிதங்களில் கரி வராது, அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்கள் மேற்பரப்பில் தலைகாட்டிய கரியை வெட்டினார்களா இல்லையா என்பதற்கு அந்தக் கடிதங்கள் எந்தப் பக்கமும் சாட்சி சொல்வதில்லை.

1814-இல் அரசு ரூபர்ட் ஜோன்ஸ் என்பவரை அனுப்பி இப்பகுதியை ஆராயச் செய்தது. அவர் ராணிகஞ்சுக்கு அருகே வேலையும் தொடங்கினார், கடனில் மூழ்கினார். தாமோதர் கரைக் கரிப்பகுதியைப் பற்றி அவர் எழுதிய விவரணை, அவர் இறந்த பிறகே ஏசியாட்டிக் சொசைட்டியின் ஆய்வுத் தொகுதியில் அச்சேறியது. அவருடைய சுரங்கம் கல்கத்தாவின் அலெக்ஸாண்டர் கம்பெனியின் கைக்குப் போய், அந்த நிறுவனம் திவாலானபின் 1836-இல் துவாரகநாத் தாகூரின் கார், தாகூர் கம்பெனியால் 70,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. கவி ரவீந்திரநாத்தின் பாட்டனார்தான் இவர். 1843-இல் கார், தாகூரும் போட்டியாளரான கில்மோர், ஹோம்ஃப்ரே நிறுவனமும் இணைந்து பெங்கால் கோல் கம்பெனி உருவாயிற்று. இந்தக் கைமாற்றங்கள் ஒவ்வொன்றும் ஆய்வாளருக்கு வரம். நிறுவனம் திவாலாகும்போதும், விற்கப்படும்போதும், இணையும்போதும்தான் சொத்துப் பட்டியல் எழுதப்படுகிறது. எத்தனை குழிகள், எத்தனை இயந்திரங்கள், படித்துறையில் எவ்வளவு கரி குவிந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடைக்கும். ஒழுங்காக லாபம் ஈட்டிக்கொண்டிருந்த சுரங்கங்களைவிட நொடித்துப்போன சுரங்கங்களைப் பற்றி நமக்கு அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம்.

அக்காலக் கணக்குகளைப் படிக்கும் தமிழருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. கரி மணங்குக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். சென்னை மணங்கு எட்டு வீசை, அதாவது 25 பவுண்டு, கிலோவில் பதினொன்றரைக்குச் சற்றுக் குறைவு. வங்காள மணங்கோ 82 பவுண்டுக்கு மேல், ஏறத்தாழ 37 கிலோ. நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டு பெருக்கினால் ஒரு சுரங்கத்தின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிடும். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். ஜமீன் கச்சேரியின், அதாவது ஜமீன் அலுவலகத்தின், தாள்கள் வங்க ஆண்டில் இருக்கும். அது ஏப்ரல் நடுவில் பிறக்கும். வங்க ஆண்டு 1250 என்றால் 1843 ஏப்ரலில் தொடங்கி 1844 ஏப்ரலில் முடியும். ரயில்வே கணக்கு வேறு மாதத்தில் முடியும், அரசின் சுரங்க அறிக்கை ஜனவரியில் தொடங்கும். மூன்றையும் ஒரே ஆண்டென்று அருகருகே வைத்துப் பார்த்து, கணக்கு ஒத்துவரவில்லை, யாரோ திருடியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது எளிது.

1855 பிப்ரவரி 3 அன்று கிழக்கிந்திய ரயில்வேயின் பாதை ராணிகஞ்ச் வரை திறக்கப்பட்டது. அதற்கு முன் கரி தாமோதரில் படகில்தான் போனது. மழைக்காலத்தில் மட்டுமே ஆற்றில் போதிய நீர் ஓடும் என்பதால் ஆண்டு முழுவதும் வெட்டிய கரியைப் படித்துறைகளில் குவித்துவைத்து, வெள்ளம் வந்ததும் ஆம்தா வரை அனுப்பி, அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஆகவே ரயிலுக்கு முந்தைய ஆவணங்களில் ‘அனுப்பப்பட்டது’ என்ற எண்ணும் ‘வெட்டப்பட்டது’ என்ற எண்ணும் வெகுதூரம் விலகி நிற்கும். ரயிலுக்குப் பின் இந்த இடைவெளி சுருங்கியது. அதோடு, சுரங்கக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லாத இன்னொரு கணக்குப் புத்தகமும் பிறந்தது. டன்னுக்கு இவ்வளவு என்று நிலவுடைமையாளருக்கு ராயல்டி கொடுக்க வேண்டிய குத்தகைதாரருக்கு, வெட்டிய கரியைக் குறைத்துக் காட்டக் காரணம் இருந்தது. வேகனை எடை போட்டுக் கட்டணம் வாங்கிய ரயில்வேக்கு அந்தக் காரணம் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசம் சுவையானது. ஆனாலும் சூளைகளுக்கு மாட்டுவண்டியில் போன கரியும், சுரங்கத்தின் கொதிகலனிலேயே எரிந்த கரியும், தொழிலாளர் அடுப்புக்குப் போன கரியும் எந்த வேகனிலும் ஏறவில்லை என்பதை மறக்கக் கூடாது. கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய கரி சென்னைக்கும் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் போனது. ஆகவே அந்தத் துறைமுகங்களின் வர்த்தக அறிக்கைகளும் இந்தத் தேடலில் ஒரு கிளை.

நிலத்தின் ஆவணங்களுக்கு வருவோம். சிக்கல் மிகுந்த பகுதி இதுதான். 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை நிலத்தின் உரிமையாளராக்கியது. அடியிலிருக்கும் கனிமம் யாருடையது என்பதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஜமீன்தார் அதற்கு முன்னும் பின்னும் கோவில்களுக்கும் பூசகர்களுக்கும் காவல் பணியாளர்களுக்கும் கிராமங்களை மானியமாகவோ நிலையான குறைந்த வாடகைக்கோ கொடுத்திருந்தார். நூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கிராமத்துக்கு அடியில் கரி இருப்பது தெரிந்ததும், மானியம் பெற்றவரும் ஜமீன்தாரும் தனித்தனியே வெவ்வேறு கம்பெனிகளுக்குச் சுரங்கக் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். வழக்குகள் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றன. 1910-இலும், ஜரியா ராஜா துர்கா பிரசாத் சிங் வழக்காடிய 1912 தீர்ப்பிலும், கனிம உரிமையை வெளிப்படையாக எழுதிக் கொடுக்காவிட்டால் அது ஜமீன்தாரிடமே தங்கும் என்று முடிவாயிற்று. ஒரே கிராமத்துக்கு ஒரே காலத்தில் இரண்டு சுரங்கக் குத்தகைகள் கிடைத்தால் அதைப் போலி என்று ஒதுக்கிவிடாமல், இந்தத் தீர்ப்புகளுக்கு முன்பா பின்பா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா என்றால் அரசு தரும் நில உரிமைச் சான்று. இங்கே பட்டா என்பது ஜமீன்தார் குத்தகைதாரருக்கு எழுதிக் கொடுத்தது. அதற்கு எதிர்த்தாளாகக் குத்தகைதாரர் எழுதிக் கொடுத்தது கபுலியத். ஒன்று தொலைந்தாலும் மற்றது வேறொரு குடும்பத்தின் பெட்டியில் இருக்கக்கூடும். குத்தகையின்போது மொத்தமாகக் கை மாறிய முன்பணத்துக்கு சலாமி என்று பெயர். சலாமி பெரிதாகவும் டன் ராயல்டி சிறிதாகவும் இருந்தால், நிலவுடைமையாளருக்கு உடனடிப் பணமுடை என்று ஊகிக்கலாம்.

இந்த வழக்குகளின் அச்சிட்ட தொகுப்புகள் ஆய்வாளருக்குப் பெரிய உதவி. மேல்முறையீட்டுக்காக அச்சிடப்பட்ட கட்டுகளில் குத்தகைப் பத்திரங்களின் மொழிபெயர்ப்பும், எல்லைகளைச் சொன்ன சாட்சிகளின் வாக்குமூலமும், சில சமயம் வரைபடமும் இருக்கும். மூல ஆவணம் கரையானுக்கு இரையாகியிருந்தாலும் நகல் பிழைத்திருக்கிறது. சண்டை போட்டுக்கொண்டவர்கள் விட்டுச்சென்ற அளவுக்குச் சமாதானமாக இருந்தவர்கள் எதையும் விட்டுச்செல்லவில்லை.

ஆவணத்தை எந்த ஊரில் தேடுவது என்பதும் ஒரு வரலாற்றுக் கேள்விதான். இப்பகுதியின் ஒரு பகுதி 1805 முதல் ஜங்கிள் மகால் என்ற மாவட்டத்தில் இருந்தது. 1833-இல் அது கலைக்கப்பட்டு மான்பூம் மாவட்டம் உருவாயிற்று. ஜரியாவும் தன்பாதும் மான்பூமில் இருந்தன. 1912-இல் பீகாரும் ஒரிசாவும் வங்காளத்திலிருந்து பிரிந்தபோது மான்பூம் பீகார் பக்கம் போயிற்று. 1956-இல் மான்பூம் உடைந்து புருலியா மேற்கு வங்காளத்துக்கு வந்தது, தன்பாத் பீகாரில் தனி மாவட்டமாயிற்று. 2000-இல் தன்பாத் ஜார்கண்டுக்குப் போனது. 2017-இல் பர்தமான் இரண்டாகப் பிரிந்து ஆசன்சோலும் ராணிகஞ்சும் மேற்கு பர்தமானில் சேர்ந்தன. எனவே ஒரே சுரங்கத்தின் தாள்களுக்குக் கொல்கத்தா, பாட்னா, ராஞ்சி, புருலியா, பர்தமான் என்று அலைய நேரிடும். இதற்கு மேல் தில்லியின் தேசிய ஆவணக் காப்பகமும், கம்பெனி ஆட்சியின் கடிதப் போக்குவரத்தை வைத்திருக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகமும் உண்டு. ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்தது. ராணிகஞ்சையே நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். கணினித் தேடலில் இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்புகிறவர்கள் அனேகம். அதனால் சுரங்கத்தின் பெயரைவிட அது இருந்த மௌஜாவின் பெயரையும் எண்ணையும் பிடித்துக்கொள்வது நல்லது. மௌஜா என்பது நம் வருவாய்க் கிராமம். மாவட்டமும் மாநிலமும் மாறினாலும் அதன் எல்லை பெரும்பாலும் நகர்வதில்லை. சுரங்கத்தின் பெயரோ முதலாளி மாறும்போதெல்லாம் மாறும். ஒரே பெயருக்கு முன்னால் கிழக்கு, மேற்கு, மத்திய என்று ஒட்டிக்கொண்டு நாலு சுரங்கங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

புவியியலாளர்களின் எழுத்து இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. எந்தக் குத்தகைதாரருக்கும் கட்டுப்படாமல் நிலத்தைப் பார்த்து எழுதியவர்கள் அவர்கள். 1836-இல் அமைந்த நிலக்கரிக் குழுவுக்கு ஜான் மெக்லீலண்ட் செயலராக இருந்தார். அதன் தொடர்ச்சியாக வந்த டி. எச். வில்லியம்ஸ் 1848-இல் களத்திலேயே நோயுற்று மாண்டார். 1851-இல் தாமஸ் ஓல்டாம் வந்து சேர்ந்ததிலிருந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வரலாறு தொடங்குகிறது. டபிள்யூ. டி. பிளான்ஃபோர்டு 1858 முதல் 1860 வரை ராணிகஞ்ச் வயலை நடந்தே அளந்தார். சி. எஸ். ஃபாக்ஸ் ஜரியாவைப் பற்றி எழுதிய விரிவான நூல் 1930-இலும், இ. ஆர். ஜீ ராணிகஞ்சைப் பற்றி எழுதியது 1932-இலும் வெளிவந்தன. பின்னிரண்டும் இல்லாமல் சுரங்கத் தாள்களைப் படிப்பது கடினம். ஜரியாவில் கரி அடுக்குகளுக்கு அடியிலிருந்து மேலாக ஒன்று, இரண்டு என்று பதினெட்டு வரை எண் கொடுத்தார்கள். ராணிகஞ்சிலோ திஷேர்கட், சாங்க்டோரியா, கூசிக், நேகா என்று அடுக்குகளுக்கு ஊர்ப்பெயர்கள். ஒரே அடுக்கு ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு பெயரிலும் அந்தப் பக்கம் வேறு பெயரிலும் வெட்டப்பட்டது. ஒரு பழைய தாளில் இன்ன அடுக்கில் வேலை நின்றுவிட்டது என்று படித்தால், இன்றைய பெயரில் அது எந்த அடுக்கு என்பதைத் தெரிந்துகொள்ள அந்த நூல்களின் பட்டியல்களையே நாட வேண்டும்.

மனிதர்கள் எப்போது ஆவணத்துக்குள் வருகிறார்கள்? பெரும்பாலும் இறக்கும்போது. இந்தியாவில் சுரங்கச் சட்டம் வந்ததற்கே இரண்டு விபத்துகள் முன்னோடி. 1897-இல் கோலார் தங்கவயலில் 52 பேரும், 1899-இல் பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரும் மாண்டார்கள். கோலாரில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் என்பதால் இந்தச் சட்டத்தின் பிறப்பில் நமக்கும் ஒரு துயரப் பங்கு உண்டு. 1901-இல் சட்டம் நிறைவேறி, 1902 ஜனவரி 7 அன்று ஆய்வாளர் அலுவலகம் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது; 1908-இல் அது தன்பாதுக்கு மாறியது. தலைமை ஆய்வாளரின் ஆண்டறிக்கைகள் அன்றிலிருந்து இன்றுவரை நீளும் அரிய தொடர். எந்தச் சுரங்கத்தில், எந்த நாளில், கூரை விழுந்தா, கரி ஏற்றும் தொட்டியின் கயிறு அறுந்தா, வாயு வெடித்தா என்று மரணங்கள் காரணவாரியாக வருகின்றன. அதற்கு முந்தைய நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் மரணங்களுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. 1901-க்குப் பிறகு விபத்துகள் பெருகியதாக ஒரு வரைகோடு காட்டினால் அதில் ஒரு பகுதி விபத்தின் பெருக்கம், ஒரு பகுதி எழுதும் பழக்கத்தின் பெருக்கம்.

உயிரோடு இருந்தவர்களைப் பற்றி அறிய அவ்வப்போது வந்த விசாரணைக் குழுக்களே வழி. பி. ஃபோலியின் 1906 வங்காளத் தொழிலாளர் அறிக்கை, தொழிலாளர் நிலையை ஆராய 1929 முதல் 1931 வரை பணியாற்றிய விட்லி ஆணையத்தின் வாக்குமூலத் தொகுதிகள், எஸ். ஆர். தேஷ்பாண்டே 1946-இல் நிலக்கரித் தொழிலாளர் பற்றி அளித்த அறிக்கை ஆகியவை முக்கியமானவை. சந்தால், பவுரி மக்கள் குடும்பமாக இறங்கி வேலை செய்தார்கள். ஆண் கரியை வெட்ட, பெண் கூடையில் சுமந்து தொட்டியை நிரப்புவாள். கரி வெட்டுகிறவருக்கு மால்கட்டா என்று பெயர், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு தாவ்ரா என்று பெயர். 1920-களின் தொடக்கத்தில் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். 1929-இன் விதிகள் பூமிக்கடியில் பெண்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைத்து, 1937-இல் தடை முழுமையாயிற்று. போர்க்காலக் கரித் தேவைக்காக 1943-இல் அதைத் தளர்த்தி 1946-இல் மறுபடி விதித்தார்கள். ஆனாலும் சம்பளப் பேரேடுகளில் அந்தப் பெண்களின் பெயரைத் தேடினால் ஏமாற்றமே கிடைக்கும். கூலி தொட்டிக்கணக்கில் கணவனின் பெயரிலோ கூலிக்கூட்டத்தை அழைத்துவந்த சர்தாரின் பெயரிலோ எழுதப்பட்டது. ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் கூடை சுமந்தாள் என்பது, அவள் மேல் கூரை விழுந்திருந்தாலொழிய, எந்தத் தாளிலும் ஏறாது.

இத்தனை வகை ஆவணங்களிலும் உயிர்காக்கும் தன்மை உள்ளது ஒன்றுதான். அது சுரங்கத்தின் உள்வரைபடம். எங்கே கரி எடுக்கப்பட்டது, எங்கே தூண் நிற்கிறது, அடுத்த சுரங்கத்துக்கும் இதற்கும் நடுவே எத்தனை அடி கரிச்சுவர் விடப்பட்டது என்பதை அது மட்டுமே காட்டும். அதுவே மிக மோசமாகப் பாதுகாக்கப்பட்டதும். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1872-இலேயே சட்டமாயிற்று. இந்தியாவில் சுரங்கங்களுக்கென்று சட்டமே அதற்கு 29 ஆண்டுகள் பின்னால்தான் வந்தது. அதற்குள் ராணிகஞ்சில் நூற்றுக்கணக்கான ஆழமற்ற குழிகள் தோண்டப்பட்டு, கரி தீர்ந்ததும் அப்படியே விடப்பட்டு, ஆறேழு மழையில் வாய் மூடிக்கொண்டன. சிறு முதலாளிகள் பலருக்கு வரைபடம் வரைய ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. விலை ஏறியபோது திறப்பதும் இறங்கியபோது மூடுவதுமாக இருந்த அச்சுரங்கங்கள் தூண்களையும் அறுத்தெடுத்தன. 1936 டிசம்பரில் போய்தீ சுரங்க வெடிப்பில் 209 பேர் மாண்ட காலத்தில் அமைந்த பர்ரோஸ் குழு இந்தக் கொள்ளைமுறைச் சுரங்கத்தைக் கடுமையாகச் சாடியது. சுரங்க வெற்றிடத்தை மணலால் நிரப்புவதற்கான சட்டம் 1939-இல் வந்தது. ஜரியாவில் பவ்ரா சுரங்கத்தில் 1916-இல் கண்டறியப்பட்ட நெருப்பின் வழிவந்த தீக்கள் இன்றும் எரிகின்றன. அவை எந்தப் பழைய வழியாக எங்கே பரவும் என்பதைக் கணிக்கவும் அதே தொலைந்துபோன வரைபடங்கள்தான் தேவை.

கிடைத்த வரைபடத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். நூறு அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் துணி ஒட்டிய தாளில் வரைந்தவை பல. ஈரத்தில் நீண்டும் வெயிலில் சுருங்கியும் போன தாளில் அளவுகோல் வைத்தால் பிழை அடிக்கணக்கில் வரும். ஓரத்தில் வரைந்திருக்கும் அளவுக்கோடும் தாளோடு சேர்ந்தே சுருங்கியிருக்கும் என்பதால் அதைக்கொண்டுதான் அளக்க வேண்டும். வடக்கு என்று அம்புக்குறி காட்டுவது பெரும்பாலும் காந்த வடக்கு, அது வரையப்பட்ட ஆண்டின் காந்த வடக்கு. தேதி இல்லாத தாளில் எந்தக் கோணத்தைத் திருத்துவது? இதற்கு ஒரே வழி, தாளிலும் தரையிலும் இன்றும் அடையாளம் காணக்கூடிய இரண்டு மூன்று புள்ளிகளைப் பிடிப்பது: செங்குத்துக் குழியான பிட்டின் கட்டுமானம், சாய்வாக இறங்கும் இன்க்ளைனின் வாய், ஒரு கோவில், மௌஜாவின் முச்சந்தி எல்லைக்கல். ஒரு புள்ளி மட்டும் இருந்தால் தாள் அதைச் சுற்றிச் சுழலும். கடைசித் தேதிக்குப் பிறகும் வேலை நடந்திருக்கலாம் என்பது இன்னொரு ஐயம். மாதாமாதம் அளந்து வரைபடத்தில் சேர்த்தவர்கள் உண்டு. சுரங்கத்தை மூடப்போகும் கடைசி வாரங்களில் எல்லைச் சுவரைச் சுரண்டிவிட்டு அதை வரையாமல் போகிறவருக்கோ வரையாமலிருப்பதில்தான் லாபம்.

1971 அக்டோபரில் கோக் நிலக்கரிச் (எஃகு உலைக்கான கோக் செய்ய உதவும் கரி) சுரங்கங்களை அரசு பொறுப்பேற்று 1972 மே 1 முதல் தேசியமயமாக்கியது. மற்ற நிலக்கரிச் சுரங்கங்களை 1973 மே 1 முதல் தேசியமயமாக்கியது. முதல் சட்டத்தின் அட்டவணையில் 214 சுரங்கங்கள், இரண்டாவதில் 711. சுரங்கத்தின் பெயர், இருக்கும் இடம், உரிமையாளர், தர வேண்டிய இழப்பீடு என்று வரிசையாக அச்சிட்ட இந்த அட்டவணைகள் இந்தியத் தனியார் நிலக்கரித் தொழிலின் இறுதிப் பேரேடு. தேடலைத் தொடங்குகிறவர் இங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவதே சிறந்தது என்பது என் கருத்து. 1774-இலிருந்து முன்னோக்கி வருகிறவர் பாதி வழியில் பெயர்க் குழப்பத்தில் தொலைந்துபோவார். ஆனால் இது உயிரோடிருந்த சுரங்கங்களின் பட்டியல். 1973-க்கு முன்பே செத்துப்போனவை இதில் இல்லை. பொறுப்பேற்ற நாளில் பழைய முதலாளிகளின் அலுவலகங்களிலிருந்து எல்லாத் தாளும் அரசு நிறுவனத்துக்கு வந்துசேர்ந்தது என்று நினைப்பதும் வெகுளித்தனம்.

அதன் விலையைப் பின்னால் கொடுத்தார்கள். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் பழைய வேலைத்தளத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு புகுந்து 375 பேரைக் கொன்றது. 2001 பிப்ரவரி 2 அன்று பாக்திகியில் 29 பேர் இறந்தார்கள். நீர் பக்கத்து ஜெயராம்பூர் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியிலிருந்து வந்தது. தரைக்கு மேலேயும் நிலம் தாழ்ந்துகொண்டிருக்க, ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் தீயணைப்புக்கும் குடியிருப்புகளை மாற்றுவதற்கும் 2009 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பெருந்திட்டத்தின் மதிப்பீடு 9,700 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்திய நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளில், நீர் இருக்கக்கூடிய பழைய வேலைத்தளத்துக்கு 60 மீட்டர் தொலைவுக்குள் முன்கூட்டிய அனுமதியின்றி வேலையை நீட்டக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும், 2017 வரை நடப்பில் இருந்த 1957-இன் விதிப்படி, வழியின் அகலமும் உயரமும் 2.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. முகப்பின் நடுவிலும் இரு பக்கங்களிலும் துளைகள் போட்டுக்கொண்டே போக வேண்டும். அந்தத் துளைகள் எப்போதும் வேலைக்குக் குறைந்தது மூன்று மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். வரைபடம் பிழையாக இருக்கும் என்று கருதியே எழுதப்பட்ட விதி இது. மேசையில் விரித்த தாள் இங்கே கெட்டிக் கரி என்று சொன்னாலும், துளைக்கருவியின் நுனியில் கரித்தூள் வருகிறதா நீர் வருகிறதா என்று அந்த முகப்பில் நிற்கிற ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.